உலகம்மாள் கட்டின பை

"குற்றாலிங்கம் அண்ணாச்சியைப் போகலாம்னுட்டீங்க. என்னை மட்டும் திருப்பி அனுப்புதீங்க. இது எந்த ஊரு நியாயம் அம்மை?"

உலகம்மாள் பையைத் தரையில் போட்டாள். போட்ட வேகத்தில் உள்ளே என்னவோ உருண்டது.

மலையம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

கேட்டது காதில் விழாத மாதிரி ஒரு முகம். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க உலகம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலையம்மை என்பது ஊர் வைத்த பேர். மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கிணறு, சுற்றி நாலைந்து முருங்கை. வயசு நாற்பதுதான் இருக்கும். ஞானம் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். வருஷத்துக்கு ஒரு தரம் மலைக்குக் கூட்டிப் போவாள். அவ்வளவுதான் அவளுடைய உபதேசம்.

மாசி முடிந்து பங்குனி பிறக்கிற சமயம். ஒரு வாரம் நடை. மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கவேண்டும்.

அந்தச் சமயம் மலை ஒரு நிலையில் இருக்காது. பகலில் வெயில் மண்டையைப் பிளக்கும். பொழுது சாய்ந்தால் பனி இறங்கும். நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மழை வந்து அடித்துவிட்டுப் போகும். அதற்கு முன்னால் போனால் குளிரில் விறைக்க வேண்டும். பிறகு போனால் காட்டுத்தீ. அதனால் அந்த ஒரு வாரம்தான்.

போகிறவர்கள் சேர்ந்து போகக் கூடாது. கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் ஒவ்வொருவராக நடக்கவேண்டும். அவரவர் பை அவரவர் தோளில். கேட்கக் கூடாது. கொடுக்கக் கூடாது. சாப்பாட்டிலும் பங்கு கிடையாது.

புறப்படுவதற்கு முந்தின நாள் பையைக் கொண்டுவந்து காட்டவேண்டும். பை சரியென்றால் ஆள் வரலாம்.

உலகம்மாளுக்கு ஐம்பத்தாறு வயசு. மலைக்கு எதற்கு வருகிறீர்கள் என்று மலையம்மை கேட்டபோது அவள் சுற்றி வளைக்கவில்லை.

"ஒரு வாரம், 'உலகம்மா'ன்னு ஒரு சத்தம் என் காதுல விழக் கூடாது."

"சரி, வாங்க" என்றிருந்தாள் மலையம்மை.

வீட்டுக்காரர் சங்கரநாராயணன் லேசில் தலையாட்டவில்லை. "இந்த ஒரு தடவைதான். அடுத்த வருஷமும் மலை, மடுன்னு வந்து நிக்காத" என்று சொல்லித்தான் விட்டார். உலகம்மாளின் முழங்காலும் ஏறக்குறைய அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

இப்படி இருக்கும்போது பை சரியில்லையாம்.

கேட்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம். உலகம்மாளுக்கு அப்படி இல்லை. பை கட்டுவதில் அவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. பெரியவன் துபாய்க்குப் போனபோது பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொன்னாள். விமான நிலையத்துத் தராசு அதையேதான் காட்டியது. வீட்டுக்காரர் கோயில் குளம் போனால், சின்னவன் விடுதிக்குப் போனால், எதிர்வீட்டுப் பெண் பிரசவத்துக்குப் போனால், எல்லாம் உலகம்மாள் கட்டின பைதான். ஒன்று மறந்தது என்று இதுவரை யாரும் சொன்னது கிடையாது.

அவளைப் பார்த்து இந்தப் பேச்சு. அதுவும் யாருக்குப் பிறகு? குற்றாலிங்கத்துக்குப் பிறகு.

குற்றாலிங்கம் பலசரக்குக் கடைக்காரர். அவரும் மலைக்குக் கேட்டிருந்தார். காலையில் முதலில் அவர் பைதான்.

"பையில என்ன இருக்கு?" என்று மலையம்மை கேட்டதும், "எனக்கு என்ன தெரியும் அம்மை? வீட்டுல கட்டிக் குடுத்தா" என்று பல்லைக் காட்டினார்.

மலையம்மை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். குரங்குக் குல்லா. வேர்க்கடலை இடித்துப் பொடி செய்தது. ரஸ்க். தைல பாட்டில்.

"காத்து பட்டா உங்களுக்குக் காது வலிக்கும். பல்லு ஆடுது. ராத்திரி நடுவுல பசிச்சு முழிப்பீங்க. இடது கால் சுருக்குன்னு பிடிச்சுக்கும்."

"ஆமா அம்மை! எப்படிச் சொல்லுதீங்க?"

"பையில இருக்கு. தைல பாட்டில்ல இடது காலுக்குன்னு சீட்டு ஒட்டியிருக்கு. விடிய வந்துருங்க."

அவ்வளவுதான். அந்த மனுஷன் அப்படியே பூரித்துப்போய் நின்றார்.

அடுத்து உலகம்மாள். மலையம்மை அவள் பையை ஒரு கையால் தூக்கினாள். உள்ளே டம்ளர்கள் இடித்துக்கொண்டன. திறந்துகூடப் பார்க்காமல் கீழே வைத்தாள்.

"இது உங்க பை இல்ல அக்கா. உங்க பையைக் கொண்டு வாங்க."

வயசில் மூத்தவள் என்று அக்கா போடுவது வேறு. மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை!

அதற்குப் பிறகுதான் உலகம்மாள் நியாயம் கேட்டது.

கீரை உருவி முடிந்தது. மலையம்மை காம்பை ஓரமாய்த் தள்ளினாள்.

"என் பை இல்லைன்னா அது யாரு பை?" என்றாள் உலகம்மாள். "ராவும் பகலும் இருந்து என் கையால கட்டினது."

"திறங்க."

திறந்தாள். திறக்கும்போதே கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. ஒரு அங்குலம் வீணாக்காத கட்டு. யார் பார்த்தாலும் மலைத்துப்போவார்கள்.

மலையம்மை ஒரு பாட்டிலை எடுத்தாள்.

"ஓமத் தண்ணி. இது யாருக்கு?"

"யாருக்காவது வயிறு மந்தமாச்சுன்னா?"

"உங்களுக்கு ஆகுமா?"

"எனக்கா? நான் கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

பாட்டில் வலது பக்கம் போனது.

"முறுக்கு டின்?"

"குற்றாலிங்கம் அண்ணாச்சிக்கு முறுக்குன்னா உசிரு."

"அவருக்குப் பல்லு ஆடுது."

டின் வலது பக்கம் போனது.

"டம்ளர் எதுக்கு இத்தனை?"

"காப்பி போட்டா எல்லாருக்கும் ஊத்த வேண்டாமா?"

"நீங்க காப்பி குடிப்பீங்களா?"

"நான் விட்டு எவ்வளவோ வருஷமாச்சு. அப்ப வீட்டுல பால் பத்தல."

மலையம்மை கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தாள். பிறகு அதையும் காப்பித்தூளையும் வலது பக்கம் வைத்தாள்.

"இந்தத் தார்ப்பாய்?"

"மழை வந்தா நாலு பேரு நிக்கலாம்."

"மழை வந்தா நாலு பேரும் நாலு சரிவுல நிப்போம். குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே அக்கா."

"சொல்லுவீங்க!" உலகம்மாளுக்குக் குரல் ஏறிவிட்டது. "ஒருத்தர் பசின்னு நின்னா, பாத்துக்கிட்டுப் போகணுமா? ஒருத்தருக்குச் செருப்பு வார் அறுந்தா, கையில ஊசியை வச்சுக்கிட்டு, எக்கேடும் கெட்டுப் போன்னு நடக்கணுமா? இது என்ன ஞானம்? தூக்கி உடைப்புல போடுங்க இந்த ஞானத்தை!"

மலையம்மை ஊசி நூல் டப்பாவையும் எடுத்து வலது பக்கம் வைத்தாள்.

பை காலியானது. வலது பக்கம் ஒரு குடும்பமே ஊருக்குப் போகிற மாதிரி குவிந்து கிடந்தது. இடது பக்கம் ஒரு சேலை. ஒரு சீப்பு.

"இவ்வளவுதானா உங்களுக்கு?"

"எனக்கு என்ன பெருசா வேணும்? ஒண்ணும் வேண்டாம்."

"குற்றாலிங்கம் அண்ணாச்சி பை இப்படி இல்லையே."

அந்தப் பேரைக் கேட்டதும்தான் உலகம்மாளுக்கு மறுபடியும் ஏறியது.

"அந்த மனுஷனுக்குத் தன் பையில என்ன இருக்குன்னே தெரியாது! எல்லாம் அவரு பொண்டாட்டி மாடத்தி கட்டினது. அவ இல்லைன்னா அவருக்கு ஒரு வேளை ஓடாது. அவரு ஞானம் தேடி மலைக்குப் போறாரு, அவ இருந்து கடையைப் பாக்கணும். போறதுன்னா அவள்லா போகணும்?"

"அவங்க வந்து கேக்கட்டும். கூட்டிட்டுப் போறேன்."

"நான் வந்து கேட்டனே! எனக்கு எவ இருக்கா கட்டிக் குடுக்க? நானே கட்டிக்கிட்டு வந்தா, உன் பை இல்லைங்கீங்க."

"அவரைத் தெரிஞ்சவங்க கட்டின பை அது" என்றாள் மலையம்மை. "இது உங்களைத் தெரியாத யாரோ கட்டினது."

உலகம்மாள் எல்லாவற்றையும் அள்ளித் திணித்தாள். அப்போதும் டம்ளர் நசுங்காமல், முறுக்கு நொறுங்காமல்தான் திணித்தாள். கை அப்படிப் பழகிவிட்டது. மத்தியான பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். உலகம்மாள் சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னையே எனக்குத் தெரியாதாம். நாலு முருங்கையை நட்டுட்டா நாட்டுக்கே புத்தி சொல்லலாம்போல."

வீட்டில் சங்கரநாராயணன் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"என்ன, வேண்டாம்னுட்டாளா? நல்லதாப் போச்சு. ராத்திரிக்கு ரசம் வச்சுரு. நாக்கு செத்துக் கிடக்கு."

"ஒரு வாரத்துக்குக் குழம்பு வச்சு, பொரிச்சு, வறுத்து, பிரிட்ஜுல அடுக்கியிருக்கேன்."

"அது நீ போனாத்தான? அதான் போகலையே. உனக்கு எதுக்கு இதெல்லாம்னு நான் அப்பவே சொன்னேன்."

சொல்லியிருக்க வேண்டாம். அதுவும் அந்த நேரத்தில் சொல்லியிருக்கவே வேண்டாம்.

உலகம்மாள் பையைத் தலைகீழாய்க் கவிழ்த்தாள். டம்ளர்கள் கூடம் முழுக்க உருண்டன. ஓமத் தண்ணி பாட்டில் அவர் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. சீப்பைக்கூட எடுக்கவில்லை. வெறும் பையை உதறித் தோளில் மாட்டினாள்.

"எங்க போற?"

"மலைக்கு."

"ஏளா, ராத்திரிக்கு?"

"மாவு இருக்கு. கல்லு இருக்கு. உங்களுக்குக் கையும் இருக்கு."

சங்கரநாராயணன் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷத்தில் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை.

உலகம்மாளும் சொன்னதில்லை. தெருமுனை வரை விறுவிறுவென்று போனாள். நின்றாள். திரும்பி வந்தாள். தேங்காயைத் துருவி, சட்னி அரைத்து, மூடி வைத்துவிட்டு மறுபடியும் போனாள்.

கொட்டகைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மலையில் பாதியைக் காணவில்லை. பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

"இந்தாங்க!" உலகம்மாள் பையைத் தூக்கிப் போட்டாள். இந்தத் தடவை சத்தமே வரவில்லை. "தடவிப் பாருங்க. யாருக்கும் ஒண்ணும் இல்ல. எனக்கும் ஒண்ணும் வேண்டாம். உங்களை விடப் பெரிய சாமியாரா வந்திருக்கேன். இப்ப என்ன குத்தம் சொல்லுவீங்க?"

மலையம்மை எழுந்துவிட்டாள். அவளுக்கும் கோபம் வரும் என்று உலகம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"யாரு சொல்லிக் குடுத்த பாட்டு அது?"

"எது?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்ங்கிறது. மூட்டை இருந்தப்பவும் அதான் பாடுனீங்க. மூட்டை இல்லாதப்பவும் அதான் பாடுதீங்க."

"ஆசையை விடச் சொல்லித்தான் சாமியாருங்க எல்லாரும் சொல்லுதாங்க!"

"விடணும்னா முதல்ல ஒண்ணு இருக்கணும் அக்கா. உங்களுக்கு என்ன இருந்துச்சு விடுததுக்கு?"

உலகம்மாள் பையை வெடுக்கென்று எடுத்து இன்னொரு தரம் உதறிக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை.

"ஒரு வாரம்" என்றாள் மலையம்மை. "மலையில என்ன சாப்பிடுவீங்க?"

"மிச்சம் மீதி இருக்கிறதைச் சாப்பிட்டுக்குவேன்."

யோசித்துச் சொன்னதில்லை. கல்யாண வீடோ, காது குத்தோ, நீ சாப்பிட்டியா என்று யார் கேட்டாலும் வருகிற பதில். அது பாட்டுக்கு வந்தது. சொன்ன பிறகும் அதில் தப்பாக ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

"யாரோட மிச்சம்?"

"என்ன?"

"மலையில நீங்க ஒருத்திதான் சாப்பிடப் போறீங்க. யாரு சாப்பிட்ட மிச்சத்தை நீங்க சாப்பிடுவீங்க?"



மலையம்மை உள்ளே போனாள். இரண்டு கையும் நிறைய சாமான்களைக் கொண்டுவந்து பாயில் பரப்பினாள். அவல், அரிசி, பொரிகடலை, கருப்பட்டி, நார்த்தங்காய் ஊறுகாய். ஒரு சால்வை, ஒரு கம்பளி, மழைக்கு ஒரு நெகிழித்தாள். இன்னும் என்னென்னவோ.

"கட்டுங்க" என்றாள்.

"யாருக்கு?"

"ஒரு பொம்பளைக்கு. விடியக் கிளம்பணும். அவளுக்கு மலை இதுதான் முதல் தடவை. இந்தப் பங்குனிக்கு வெயிலும் பனியும் மாறி மாறி அடிக்கும். பாத்துக் கட்டுங்க."

இது என்ன விளையாட்டு என்று உலகம்மாளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கண் முன்னால் சாமான் கிடக்கிறது, பை கிடக்கிறது. சும்மா இருக்க அந்தக் கைக்குத் தெரியாது. உட்கார்ந்தாள். அவலைத் தொட்டுப் பார்த்தாள்.

"கெட்டி அவல். ஊற நேரமாகும். அவ பசி தாங்குவாளா?"

"எனக்கு என்ன தெரியும்? அவங்களைத்தான் கேக்கணும்."

"சர்க்கரை வியாதி உண்டா? கருப்பட்டி வைக்கலாமா?"

"கேளுங்க."

"இனிப்பா, காரமா, எது பிடிக்கும் அவளுக்கு?"

"கேளுங்கன்னேன்."

"ஒண்ணும் தெரியாம எப்படிக் கட்ட?" உலகம்மாள் சிடுசிடுத்தாள். "ஒரு ஆளுக்குப் பை கட்டுததுன்னா சும்மாவா? என் பெரியவனுக்குத் தலைமாட்டுல காத்து பட்டா மூக்கு அடைக்கும். சின்னவனுக்குப் பருத்தியைத் தவிர எது உடுத்தினாலும் தடிச்சுப்போகும். இவங்க அப்பாவுக்குத் தண்ணி மாறினா தொண்டை கட்டிக்கும். இதெல்லாம் தெரிஞ்சாத்தான் கட்ட முடியும். இவளைப் பத்தி ஒரு விவரம் உண்டா? ராத்திரி பனியில இவளுக்கு எங்க குளிரும்னுகூட..."

நிறுத்தினாள்.

கையில் சால்வை இருந்தது. அதை மடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

மலையம்மை அந்தப் பக்கமே பார்க்கவில்லை. விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

"கால்" என்றாள் உலகம்மாள்.

மலையம்மை திரும்பினாள்.

"கால் குளிரும் அம்மை."

சொன்னதும்தான் வந்தது பாருங்கள், காலையில் இருந்து வந்ததெல்லாம் கோபமே இல்லை என்கிற மாதிரி ஒரு கோபம்.

"எனக்குக் கால் குளிரும்! கல்யாணமாகி வந்த மார்கழியில இருந்து குளிருது. பாதத்துல பிடிச்சு முட்டி வரைக்கும் ஏறும். ஒரு காலை இன்னொரு கால்ல தேய்ச்சுக்கிட்டே விடிய விடியக் கிடப்பேன். பக்கத்துல கிடக்கிற மனுஷன் ஒரு நாள் கேக்கல. நான் பெத்ததுக ஒண்ணு கேக்கல. எல்லாரு காலுக்கும் போர்த்திவிட்டுட்டு வந்து படுக்கேன், என் கால் வெளிய கிடக்கு. நானே சொன்னதில்ல அம்மை. கால் குளிருதுன்னு என் வாயால ஒரு நாள், ஒரு நாள்கூட..."

மூச்சு வாங்கியது. கண்ணைத் துடைத்த வேகத்தில் மூக்குத்தி கழன்றிருக்கும்.

மலையம்மை ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

உலகம்மாள் அதைப் பையில் வைக்கவில்லை. அங்கேயே, அந்தப் பாயிலேயே காலை நீட்டி மாட்டினாள். மாட்டிக் காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு பத்தாது" என்றாள்.

"என்கிட்ட இருக்கிறது ஒண்ணுதான் அக்கா."

"மழையில நனைஞ்சா மாத்த வேண்டாமா? ஈரத்தோட ஒரு வாரம் எப்படி நடக்க? எனக்கு இன்னொண்ணு வேணும்."

"இந்நேரத்துக்கா?"

"கீழ பஜார்ல விப்பாங்க. கடை சாத்தியிருக்க மாட்டான். போய் வாங்கிட்டு வாங்க."

மலையம்மை செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

அவள் முருங்கையைத் தாண்டும்போது பின்னால் இருந்து சத்தம் வந்தது.

"நைலான்ல வாங்கிராதீங்க! எனக்கு அது கடிக்கும்!"